இயல்பு என்று குறித்த குரல்

அன்று காலை பத்தேகாலுக்குள் சந்திரலேகா நூற்றுப் பன்னிரண்டு பெண்களின் குரலைக் கேட்டு முடித்திருந்தாள்.

சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பதினாறு கணினிகள், பதினாறு ஹெட்செட்டுகள், ஓயாமல் கரகரக்கும் ஒரு ஏசி. ஓர் அறக்கட்டளை இந்த ஜில்லாவின் கர்ப்பிணிப் பெண்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்து நலம் விசாரிக்கிறது. விசாரிப்பது ஆள் இல்லை. மலர் என்று பெயர் வைத்த ஏஐ. "இந்த வாரம் எப்படிம்மா இருக்கீங்க? மனசுல ஏதாவது கஷ்டம் இருக்கா? சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும். பெண்கள் சொல்லும் பதில்கள் பத்து வினாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, பேர், ஊர், நம்பர் எல்லாம் நீக்கப்பட்டு, இந்த மாடிக்கு வந்து சேரும். ஒவ்வொரு துண்டையும் மலரே முதலில் எடைபோட்டு ஒரு பேர் வைத்திருக்கும்: மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், இயல்பு. சரியென்று பட்டால் பச்சைப் பொத்தானை அமுக்கவேண்டும். தப்பென்றால் திருத்தவேண்டும். திருத்தத் திருத்த மலர் கற்றுக்கொள்ளும்.

"நாம மெஷினுக்கு மனசு செஞ்சு குடுக்கறோம்க்கா" என்று முதல் நாளே சொன்னான் சூப்பர்வைசர் இளவரசு. அது சந்திரலேகாவுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போய்க் கணவர் தேவநாதனிடம் சொன்னாள். டிராக்டர் மெக்கானிக்கான அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அதுக்கு மனசு வந்துச்சின்னா மொதல்ல ஒன்ன வேலைய உட்டு அனுப்பறதுக்குத்தான் வருத்தப்படும்" என்றார்.

ஒரு நாளைக்கு நானூறு துண்டுகள் முடிக்கவேண்டும். அதனால் எல்லாரும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பார்கள். பெண்கள் எல்லாரும் அவசர அவசரமாக, கீச்சுக்குரலில், ஒரே மாதிரி பேசிவிட்டுப் போவார்கள். ஆனால் அன்றைக்கு, முந்தின நாள் மென்பொருளை மாற்றியதில் வேகப் பொத்தான் வேலை செய்யவில்லை. எல்லாரும் முணுமுணுத்தார்கள். வேறு வழியில்லாமல் பெண்கள் பேசிய வேகத்திலேயே அவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நூற்றுப் பதின்மூன்றாவது துண்டு ஓடியது.

"ம்... நல்லாருக்கேன். ஒண்ணும் கஷ்டம் இல்ல... சாப்ட்டேன்."

திரையில் மலரின் கணிப்பு: இயல்பு, தொண்ணூற்று நான்கு சதவீதம்.

பச்சைப் பொத்தான்மேல் விரல் போய்விட்டது. 'இல்ல'வுக்கும் 'சாப்ட்டேன்' என்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்று காதில் இடறியது. பின்னுக்குத் தள்ளி மறுபடி கேட்டாள். யாரோ எச்சில் விழுங்குகிற சத்தம். அதற்கு முன்னால், போனுக்குச் சற்றுத் தள்ளி, இன்னொரு குரல். ஒரே ஒரு சொல்.

"சொல்லு."

இரண்டாம் தடவை கேட்டபோது அந்தப் பெண் யார் என்று தெரிந்துவிட்டது. அனுப்பிரியா. தம்பி செம்பியனின் மனைவி. ஏழாவது மாதம். மூன்றாம் தடவை கேட்டபோது அந்தச் 'சொல்லு' யாருடையது என்றும் தெரிந்துவிட்டது. குரல் செம்பியனுடையது. சொன்ன விதம் அப்பாவுடையது.

சந்திரலேகாவின் அப்பா கண்ணாயிரம் ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியவரில்லை. அம்மாவின் கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்து யாராவது கேட்டால், அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்று, மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி, "சொல்லு" என்பார். "கதவு இடிச்சிடுச்சு" என்பாள் அம்மா. அப்போது செம்பியனுக்கு ஐந்து வயது. சந்திரலேகாவுக்குப் பதினைந்து. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அவனுக்கு அதெல்லாம் நினைவிருக்காது என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

இளவரசுவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். "இதக் கேளு."

அவன் ஹெட்செட்டை வாங்கிக் கேட்டான். "நார்மலாத்தானேக்கா இருக்கு?"

"திரும்பக் கேளு. நடுவுல."

கேட்டான். உதட்டைப் பிதுக்கினான். "எதோ டிவி சத்தம் மாதிரி இருக்கு. ஏன்?"

"இது எந் தம்பி பொண்டாட்டி."

இளவரசு சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தெரிஞ்ச குரல் வந்தா ஸ்கிப் பண்ணணும்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்க்கா. வெளிய பேசவே கூடாது."

"ஸ்கிப் பண்ணா?"

"வேற ஆளுக்குப் போவும்."

"அவுங்க என்னா போடுவாங்க?"

அவன் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். அவனே இயல்பு என்றுதானே சொன்னான்.

"சரி, பயம்னு மாத்தி, உதவி தேவைன்னு குடுத்தா?"

"அறக்கட்டளையிலேருந்து ஆள் பேசுவாங்க. இந்தத் தடவ நெஜ ஆளு."

"எந்த நம்பருக்கு?"

"அதே நம்பருக்குத்தான்."

அந்த போன் செம்பியன் கையில் இருக்கும். கல்யாணமான புதிதில் அனுப்பிரியாவிடம் தனி போன் இருந்தது. பிறகு, கர்ப்பிணிக்குக் கதிர்வீச்சு ஆகாது என்று வாங்கி வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்திரலேகா பேசும்போது அவன்தான் எடுத்து, "இரு, குடுக்கறேன்" என்பான். "நல்லாருக்கேன் அண்ணி. சாப்ட்டேன்" என்பாள் அனுப்பிரியா. எவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறான் என்று சந்திரலேகா பெருமைப்பட்டிருக்கிறாள். பொங்கலுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவள் போகவே இல்லை. அவனே மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். "அவளுக்கு அலைச்சல் ஆவாதுக்கா. ரெஸ்ட்டுல இருக்கச் சொல்லியிருக்காங்க."

பயம் என்று மாற்றினாள். உதவி கேட்கும் பொத்தானை அமுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, எங்க போறீங்க? அக்கா!"

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முட்லூர் தாண்டியது. ஒருவேளை டிவி சத்தம்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. புதுச்சத்திரம் வருவதற்குள், போய் நின்றதும் தம்பி சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பதாகவும், அனுப்பிரியா டீ கொண்டுவருவதாகவும், தான் எதற்கு வந்தோம் என்று சொல்ல வெட்கப்படுவதாகவும் முழுசாக ஒரு காட்சி மனசில் ஓடி முடிந்துவிட்டது. அப்படியே நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஆலப்பாக்கத்தில் கூட்டம் ஏறியபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மேல்பட்டாம்பாக்கத்தில், அனுப்பிரியாவின் அம்மா சவரியம்மாளின் வீட்டில் உட்கார்ந்து அவள் பேசிய பேச்சு. கிறிஸ்தவக் குடும்பம். ஒரே பெண். காதல் கல்யாணத்துக்கு ஒப்பவே இல்லை. "எந் தம்பிக்குச் சத்தம் போட்டுப் பேசக்கூடத் தெரியாது அத்தை. எதாவது ஒண்ணுன்னா நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள் சந்திரலேகா. சவரியம்மாள் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒன்ன நம்பித்தான்" என்றார்.

கடலூர் முதுநகரில் இறங்கியபோது மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் செம்பியனுக்கு வேலை. இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட் முடியும்.

வீட்டு கிரில் கேட்டில் வெளிப்பக்கமாகப் பெரிய பூட்டு தொங்கியது.

ஆள் இல்லை போலிருக்கிறது என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. அப்புறம் உள்ளே, நிழலில், நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அனு?"

அனுப்பிரியா கிரில்லுக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றாள். வயிறு மட்டும்தான் பெரிதாக இருந்தது. மற்றபடி உடம்பில் ஒன்றுமில்லை. இந்த வெயிலில் முழுக்கை நைட்டி. அவள் கண் சந்திரலேகாவைப் பார்க்கவில்லை. வாசலுக்கு மேலே எதையோ பார்த்துவிட்டுக் கீழே இறங்கியது.

"வாங்க அண்ணி. அவரு வேலைக்குப் போயிருக்காரு."

"ஏன் வெளிய பூட்டியிருக்குது?"

"திருட்டு பயம் ஜாஸ்தி. அதான்."

"நீ எப்படி இருக்க?"

"நல்லாருக்கேன். ஒண்ணும் கஷ்டம் இல்ல... சாப்ட்டேன்."

கேட்காத கேள்விக்கும் சேர்த்து வந்தது பதில். காலையில் ஹெட்செட்டில் கேட்ட அதே இழுப்பு, அதே இடத்தில் அதே நிறுத்தம். இந்தத் தடவை நடுவில் வேறு யாரும் பேசவில்லை. அவளே அந்த இடைவெளியை விட்டுவைத்திருந்தாள்.

சந்திரலேகா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அனு, நான் ஒன் குரலக் கேட்டேன். மலர்னு ஒண்ணு போன் பண்ணுதுல்ல, அதுல நீ பேசுனத. நான் அந்த எடத்துலதான் வேல செய்யறேன்."

அனுப்பிரியா ஓரடி பின்னுக்குப் போனாள். "நான் தப்பா ஒண்ணும் சொல்லல அண்ணி. நல்லாருக்கேன்னுதான் சொன்னேன். அவருகிட்ட சொல்லுங்க, நல்லாருக்கேன்னுதான் சொன்னேன்."

தன்னைத் தம்பி அனுப்பியிருப்பதாக இவள் நினைக்கிறாள் என்று புரியச் சற்று நேரமாயிற்று. வேவு பார்க்க வந்தவள். சோதித்துப் பார்க்க வந்தவள். எதைச் சொன்னால் இந்தப் பெண் நம்புவாள்?

"சாப்ட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி அவன் சொல்லுன்னான்" என்றாள் மெதுவாக. "அது எங்க அப்பன் சொல்ற சொல்லு. எங்கம்மாவ அடிச்சிட்டு அப்படித்தான் பின்னாடி நின்னு சொல்லுவாரு. நான் பாத்துருக்கேன், அனு."

அனுப்பிரியா மறுபடியும் வாசலுக்கு மேலே ஒரு தரம் பார்த்துவிட்டு, உடம்பைச் சற்றுத் திருப்பி, இடது கையை மறைத்துப் பிடித்தபடி நைட்டியின் கைப்பகுதியை முழங்கைவரை ஏற்றினாள். பழசும் புதுசுமாக, மஞ்சளும் கருநீலமுமாக இருந்தது அந்தக் கை.

"அக்கா."

சந்திரலேகா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். யாரும் இல்லை. அப்போதுதான் அதைப் பார்த்தாள். வாசல் நிலைக்கு மேலே, முஷ்டி அளவில், வெள்ளையாக ஒரு கேமரா. குரல் அதற்குள்ளிருந்து வந்தது.

"என்னாக்கா சொல்லாம கொள்ளாம? வெயில்ல ஏன் நிக்கற? அங்கயே இரு. பத்து நிமிஷத்துல வந்து தொறக்கறேன்." அன்பான குரல். எப்போதும் போல. "அனு, நீ உள்ள போய்ப் படு."

அனுப்பிரியா திரும்பி உள்ளே நடக்கத் தொடங்கிவிட்டாள்.

"போவாத!" என்று கத்தினாள் சந்திரலேகா. தெருவே கேட்டிருக்கும். "அனு, இப்ப என்கூட வரியா? வரேன், வரல, ரெண்டுல ஒண்ணு நீதான் சொல்லணும்."

அந்தப் பெண் நின்றாள். முதுகைக் காட்டியபடியே, கேமராவுக்குக் கேட்காத சின்னக் குரலில் சொன்னாள்: "சாவி அவருகிட்ட இருக்கு அண்ணி."

எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. மீன் விற்றுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த இருசம்மாள் அன்னக்கூடையைக் கவிழ்த்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரலேகா அவரைத் திரும்பிப் பார்த்ததுதான் தாமதம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அவுங்க ஆளுங்க யாராவது வருவாங்க வருவாங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்" என்றார். "நாம எப்படிம்மா ஒரு வூட்டுப் பூட்டப் போய் ஒடைக்கிறது? நீ சொல்லு, ஒடைக்கிறேன்."

"ஒடைங்க."

"அக்கா, வேணாம்." கேமரா பேசியது. அந்தக் குரலுக்குப் பின்னால் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. "அவ ஒன்கிட்ட என்னா சொன்னா? அவளுக்கு மனசு சரியில்லக்கா. அக்கா, நான் பேசறேன்ல?"

முதல் அடியில் பூட்டு நசுங்கியது. இரண்டாவதில் கொக்கி வளைந்தது. கடப்பாரையை உள்ளே கொடுத்து இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினார்கள். சந்திரலேகாவின் உள்ளங்கை கிழிந்து பிசுபிசுத்தது. வளையத்தோடு பெயர்ந்து வந்தது பூட்டு. இருசம்மாள் தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவைக் கையோடு கூட்டிவந்தார். அனுப்பிரியா எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: கர்ப்பிணி அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறை.

ஆட்டோவில் அவளை ஏற்றி உட்காரவைக்கும்போது செம்பியனின் பைக் வந்து முன்சக்கரத்துக்குக் குறுக்கே நின்றது.

அவன் இறங்கினான். கத்தவில்லை. சட்டையில் ஐஸ் தண்ணீர் ஈரம் அங்கங்கே திட்டுத்திட்டாக இருந்தது. கூடியிருந்த நாலைந்து பேரைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான்.

"ஏழு மாசப் புள்ளத்தாச்சிய எங்கக்கா கூட்டிக்கினு போற? அவ அம்மா வூட்டுக்குன்னா நானே கொண்டாந்து வுட மாட்டேனா?" ஆட்டோவுக்குள் குனிந்தான். "அனு, எறங்கு. நான் ஒன்ன என்னா பண்ணேன்? அக்காகிட்ட சொல்லு."

அனுப்பிரியாவின் கை கம்பியைப் பற்றியது. முகத்தில் ஒன்றும் இல்லை.

"சொல்லு."

"நல்லா..." என்று தொடங்கினாள்.

சந்திரலேகாவுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவன் அடிக்கறான்னு சொல்லு, கையக் காட்டு. பல்லைக் கடித்து அடக்கினாள். இந்தப் பக்கம் ஒருத்தன் சொல்லு என்கிறான். அந்தப் பக்கமிருந்து தானும் சொல்லு என்றால் என்ன வித்தியாசம்? பேசாமல் நின்றாள். ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்தினார்.

"நான் நல்லா இல்ல" என்றாள் அனுப்பிரியா.

குரல் நடுங்கவில்லை, உயரவில்லை. தினமும் சொல்லிப் பழகிய அதே சமமான குரல்தான். ஒரு சொல் மட்டும்தான் மாறியிருந்தது.

செம்பியன் நிமிர்ந்தான். அக்காவைப் பார்த்தான். கண் நிறைந்து வழிந்தது. "நீயுமா என்ன வுட்டுட்டுப் போற? ஒன்ன வுட்டா எனக்கு யாருக்கா இருக்கா?"

ஒன்றரை வருஷமாகக் குரல்களைத் தரம் பிரிப்பதே தொழிலாக இருந்தவள் சந்திரலேகா. இது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையான துக்கம். தான் தலைவாரி, சோறூட்டி வளர்த்த பிள்ளையின் துக்கம். அவளுக்கும் அழுகை வந்தது. கை தானாக அவன் தோளை நோக்கிப் போகப் பார்த்தது. கிழிந்த உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள்.

"பைக்க எடு" என்றாள்.

அவன் எடுக்கவில்லை. இருசம்மாளும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த பைக்கை நகர்த்திச் சுவரோரம் சாய்த்தார்கள்.

நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது இளவரசுவின் போன் வந்தது. வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று சொல்லப்போகிறான் என நினைத்துக்கொண்டே காதில் வைத்தாள்.

"அக்கா, அவுங்க சேஃபா?"

"என்கூடத்தான் இருக்கா."

"அப்பாடா" என்றான். "நீங்க போனதும் அந்தக் கிளிப்ப இன்னும் நாலஞ்சு தடவ கேட்டேன். கடைசியிலதான் எனக்கே கேட்டுச்சு. ஒரே ஐடியில பழைய கிளிப் எதாவது இருக்கான்னு தேடிப் பாத்தேன். எட்டு இருக்கு. எட்டுலயும் இயல்புன்னுதான் இருக்கு. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். அதுல மூணு, நீங்க ஓகே பண்ணதுக்கா."

சந்திரலேகா போனை மடியில் வைத்துவிட்டாள். ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அனுப்பிரியா வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

மூன்று தடவை. ஒன்றரை மடங்கு வேகத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கணக்கை முடிக்கிற அவசரத்தில், இந்தப் பெண் இதே காதுக்குள் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாள். சந்திரலேகா பச்சைப் பொத்தானை அமுக்கியிருக்கிறாள். அமுக்க அமுக்க, இப்படிப் பேசினால் அது இயல்பு என்று மலரும் படித்துக்கொண்டிருக்கிறது. தொண்ணூற்று நான்கு சதவீதம் அதற்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது.

மறைத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது. நெல்லிக்குப்பம் தாண்டுகிறவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்.

"அனு, இன்னிக்கி மட்டுமில்ல. இதுக்கு முன்னாடி மூணு தடவ ஒன் குரல் என்கிட்ட வந்துருக்குது. நான் கேட்டுட்டு, ஒண்ணுமில்லன்னு போட்டுட்டேன். ஒன் குரல்னே தெரியல எனக்கு."

அனுப்பிரியா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வெய்ட் பண்ணும் அண்ணி" என்றாள்.

"எது?"

"அந்த மலரு. கேள்வி கேட்டுட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் சும்மா இருக்கும். அவசரப்படுத்தாது. ஸ்பீக்கர்ல போட்டு அவரு பக்கத்துலயே நிப்பாரு. அதனால நான் வேற எதுவும் பேச முடியாது. சரி, பேசாம இருந்து பாப்போம்னு, நடுவுல நிறுத்துவேன். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் ஜாஸ்தியா நிறுத்துவேன். அதுக்குப் புரியுதான்னு."

"அதுக்கு மனசு இருக்கும்னு நெனச்சியா?"

"தெரியல. இருந்தா நல்லாருக்குமேன்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற யாரு இருந்தாங்க எனக்கு, நெனச்சுப் பாக்க?"

அனுப்பிரியா சந்திரலேகாவைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

மேல்பட்டாம்பாக்கத்தில் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சவரியம்மாள், ஆட்டோவிலிருந்து இறங்கும் மகளைப் பார்த்துவிட்டு, பிழிந்த சேலையைக் கையில் பிடித்தபடியே வந்தார். முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மகளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்து, விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, எல்லாம் செய்து முடித்தபிறகுதான் வெளியே வந்தார். சந்திரலேகா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

"தெரியல அத்தை. அஞ்சாறு மாசம் இருக்கும்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னிக்கிக் காலையில."

சவரியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா தம்பி பேசிக்க மாட்டீங்களா? வாரா வாரம் அவகிட்டயும் பேசறேன்னு சொன்னியே."

"பேசுனேன். ஆனா கேக்கல அத்தை."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. சவரியம்மாள் அவளுடைய உள்ளங்கையைப் பார்த்துவிட்டு உள்ளே போய், மஞ்சள்தூளும் ஒரு கிழிசல் துணியும் கொண்டுவந்து திண்ணைமேல் வைத்தார். கட்டிவிடவில்லை. வைத்துவிட்டு மகளிடம் போய்விட்டார். சந்திரலேகா பல்லால் துணியைக் கடித்து இழுத்துத் தானே கட்டிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது போனில் செம்பியனிடமிருந்து பதினோரு அழைப்புகள் தவறிப்போயிருந்தன. அவள் நடந்ததை எழுதி அனுப்பியதைப் படித்துவிட்டுத் தேவநாதன், "ஸ்டேஷனுக்குப் போறதுன்னா நானும் வரேன். தனியாப் போவாத" என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அனுப்பிரியாவை நாளைக்கு ஆஸ்பத்திரியில் காட்டுவது, அங்கிருந்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போவது என்று சவரியம்மாளோடு பேசி முடிவாகியிருந்தது. என்ன எழுதிக் கொடுப்பது என்பதை அனுப்பிரியாதான் தீர்மானிக்கவேண்டும். தன்னிடம் கேட்டால், பார்த்ததையும் கேட்டதையும் சொல்வது என்று சந்திரலேகா முடிவுசெய்திருந்தாள். மூன்று தடவை கேட்காமல் விட்டதையும் சேர்த்து.

மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"அக்கா" என்றான். அவன் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் இருசம்மாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவன் அந்த உடைந்த கேட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கவேண்டும்.

அவள் அவசரப்படவில்லை. வெறுமனே போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். பண்ருட்டி பஸ் ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது.

"அப்பா மாதிரி ஆயிட்டனாக்கா?" என்றான் கடைசியில்.

"ஆமா" என்றாள்.

அந்தப் பக்கம் அழுகை பீறிட்டது. அதற்கும் அவள் காத்திருந்தாள். ஓய்ந்தபிறகு சொன்னாள்: "நாளைக்குக் காலையில பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடு. நான் அவ பக்கம்தான் நிப்பேன். ஆனா நீ வந்தா, நீ சொல்றதயும் இருந்து கேப்பேன். அந்தத் தெருவுல யாருகிட்டயும் சண்டைக்குப் போவாத. சாப்டு."

சிதம்பரம் போவதற்குக் கடலூர் போய்த்தான் பஸ் மாறவேண்டும். கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, அடுத்து வந்த பஸ்ஸை நிறுத்தினாள்.